வெள்ளரளி சொன்ன சேதி

பழனாத்தாள்: ...அதுக்குத்தான் சொல்றேன், பிளேக்கு ஊசி எங்கயும் ஓடிப்போகாது. நீ போயி வெள்ளரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு பறிச்சுட்டு வா. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு, அப்பறம் புள்ளைக்குப் போட்டுக்கலாம்.

வள்ளியாத்தாள்: நான் பறிக்க மாட்டனுங்கத்தே.

பழனாத்தாள்: என்னது?

வள்ளியாத்தாள்: பறிக்க மாட்டேன்னேன்.

பழனாத்தாள்: மாமியாகிட்டப் பேசற பேச்சைப் பாரு...

கோவிந்தராஜுலு: அம்மா, பதினாலாம் நம்பர் கொட்டாய் நீங்கதானே? பழனாத்தாள், மருமகள் வள்ளியாத்தாள், குழந்தை மயிலாத்தாள்... குமாரசாமின்னு இன்னொரு பேர் இருக்குதே, ஆள் எங்கே?

வள்ளியாத்தாள்: அடிச்சுடுங்க கம்பவுண்டரய்யா.

கோவிந்தராஜுலு: என்னம்மா?

வள்ளியாத்தாள்: அந்தப் பேரை அடிச்சுடுங்க. என்ற ஊட்டுக்காரரு. பிளேக்குல போயி பதினாறு நாளாச்சு. அதுக்கப்பறந்தான் எங்களைக் கொண்டாந்து ஊருக்கு வெளிய இந்தக் கொட்டாயில உட்டாங்க.

கோவிந்தராஜுலு: ...மன்னிச்சுக்குங்க. லிஸ்டு போன மாசம் வீடு வீடா எழுதினது, கொட்டாய் நம்பரை மட்டும் பின்னால சேர்த்திருக்காங்க.

வள்ளியாத்தாள்: சர்க்காருக்குமே சேதி தாமசமாத்தான் வருதுங்களா?

பழனாத்தாள்: ஏ புள்ள, வாய மூடு! ஐயா, நீங்க சித்தெ அக்கட்டால இருக்கறவங்களுக்குப் போட்டுட்டு இருங்க. நாங்க பூ கேட்டுப்போட்டு வாரோம்.

கோவிந்தராஜுலு: பூவா?

பழனாத்தாள்: மாரியாத்தாகிட்டங்க. ரெண்டு பூவையும் தனித்தனியா எலையில மடிச்சு அவ முன்னால வெப்போம். புள்ளைய உட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்றது. வெள்ளை வந்தா ஆமாம்பா. செவப்பு வந்தா வேண்டாம்பா.

கோவிந்தராஜுலு: அம்மா, வரிசை முடிஞ்சா நான் போயிடுவேன். அப்புறம் அடுத்த வாரந்தான். பன்னெண்டாம் கொட்டாயில நேத்து ஒரு பொண்ணுக்கு நெறி கட்டியிருக்குது, தெரியுமில்லே?

பழனாத்தாள்: கேட்டியா? வெரசாப் பறிச்சுட்டு வா.

வள்ளியாத்தாள்: நாங் கேட்டனுங்க. நீங்கதான் கேக்கலை.

பழனாத்தாள்: அந்த ஊசி போட்டா கை வீங்கி, காச்சல் கண்டு, மூணே நாள்ல ஆளு போயிருதாமா.

வள்ளியாத்தாள்: ஆரு சொன்னா?

பழனாத்தாள்: கெணத்தடியில சொன்னாங்க.

வள்ளியாத்தாள்: கெணத்தடியில ஆரு?

பழனாத்தாள்: எல்லாருந்தான்!

வள்ளியாத்தாள்: எல்லாருமுன்னா ஆருமில்லைன்னு அர்த்தமுங்க.

பழனாத்தாள்: ஆமா, நீ மூணாங்கிளாசு படிச்சவ. கடலை மடிச்ச காயிதத்தைக்கூட உட மாட்டே. அன்னைக்கும் ஒண்ணைப் படிச்சியே, மூணு தெருவுல எலி செத்து உழுந்துச்சுன்னு... தேதி எங்க கண்ணுன்னு கேட்டேன். மேல்பக்கத்தைக் கடலைக்காரன் கிழிச்சு வேற ஆருக்கோ மடிச்சுக் குடுத்துப்போட்டான். அது இந்தப் பிளேக்கோ, போன பிளேக்கோ!

வள்ளியாத்தாள்: சிரிக்காதீங்கத்தே.

பழனாத்தாள்: எனக்கென்ன சிரிப்பு வேண்டிக்கெடக்குது...

வள்ளியாத்தாள்: காயிதம் கெடக்கட்டும். சேலை விக்கற ராவுத்தரு சொன்னாரல்லோ?

பழனாத்தாள்: பீர் முகம்மதா? ஊரு ஊரா நாயம் பேசறதுதான அவரு யாவாரம்.

வள்ளியாத்தாள்: கோட்டைமேட்டுலருந்து வேகாத வெய்யில்ல நடந்து வந்து சொன்னாரு. 'எங்க தெருவுல எலி உழுகுது அம்மணி. நாளைக்கு நாங்க ஊட்டைப் பூட்டிட்டுப் பொறப்படறோம், நீங்களும் பொறப்படுங்க'ன்னு. அன்னைக்கு மூட்டையப் பிரிச்சாருங்களா? எத்தனை வருசமா வாராரு! வேண்டாமுன்னாலும் பத்துச் சேலையாச்சும் ஒதறிக் காட்டாமப் போனதில்லை. அன்னைக்கு முடிச்சையே அவுக்காமப் போனாரு. அதைவிட வேறென்ன சேதி வேணுமுங்க?

பழனாத்தாள்: மில்லு மேஸ்திரி, பிளேக்கெல்லாம் டவுனோட நின்னுபோச்சுன்னு சொன்னாரே? உன்ற ஊட்டுக்காரனே வந்து சொன்னானே?

வள்ளியாத்தாள்: மேஸ்திரி சொல்லாம என்ன பண்ணுவான்? பைக்காரா கரண்டு வந்ததுலருந்து மில்லு ராப்பகலா ஓடுது. ஆளுக ஓடிப்போனா மெசினை ஆரு ஓட்டறது? பொண்டாட்டி புள்ளையத் தாராபுரத்துக்கு அனுப்பி வெச்சுப்போட்டுத்தான் அந்தாளு நாயம் பேசியிருக்கறான்.

பழனாத்தாள்: அது உனக்கெப்பிடித் தெரியும்?

வள்ளியாத்தாள்: உங்க மகனே சொன்னாரு. காச்சலோட படுத்திருந்தப்ப. 'மேஸ்திரி ஊடு பூட்டிக் கெடந்துச்சு வள்ளி. பாத்தேன். பாத்துப்போட்டும் அவன் பேச்சையே நம்புனேன்'னாரு.

பழனாத்தாள்: என்ற சாமி... எங்கிட்ட அதைச் சொல்லவே இல்லியே.

வள்ளியாத்தாள்: உங்களுக்கு வெசனம் வேண்டாமுன்னாரு.

பழனாத்தாள்: தமுக்கு அடிச்சு ஊட்டை உடுங்கன்னு சர்க்காரு சொன்னப்பவே வந்திருக்கலாந்தான். ஆனா கண்ணு, உன்ற மாமனாரையும் போன பிளேக்குல இதே மாதிரி ஒரு கொட்டாய்க்குத்தான் கூட்டியாந்தாங்க. மாத்து வேட்டிய மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, எங்கிட்ட வெத்தலை வாங்கிப் போட்டுக்கிட்டு நடந்து வந்தாரு. மூணாம் நாளு பொண வண்டியில போனாரு. அது ஆரும் சொன்ன சேதியில்லை. நாங் கண்ணால பாத்தது.

வள்ளியாத்தாள்: வரும்போதே அவருக்கு நோவு இருந்திருக்குமுங்க.

பழனாத்தாள்: இருந்துச்சோ, இல்லியோ... நான் பாத்தது வண்டியத்தான்.

கோவிந்தராஜுலு: பதினாலு! இன்னும் ஏழு பேர்தான் நிக்கறாங்க!

பழனாத்தாள்: இதா வந்துட்டமுங்க! ...நீ பறிக்காட்டிப் போ. நானே பறிச்சுக்கறேன்.

வள்ளியாத்தாள்: போன தடவையும் கேட்டமே. 'ஊட்டுலயே இருக்கலாமா'ன்னு. வெள்ளை வந்துச்சு. இருந்தோம்.

பழனாத்தாள்: ஆத்தா மேல பழி போடாத.

வள்ளியாத்தாள்: என்ற மேலதான் போட்டுக்கறேன். அன்னைக்குப் பொட்டலம் மடிச்சது நானுங்க.

பழனாத்தாள்: அது தெரியும்.

வள்ளியாத்தாள்: தெரியாதுங்க. ரெண்டுலயும் செவ்வரளிதான் வெச்சேன். அடிக்கோணுமுன்னா அடிங்க. ஆரு சொன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்க, ஆத்தா சொன்னாத்தான் கேப்பீங்க. அதனால அவளுக்கு வேற வார்த்தையே இல்லாமப் பண்ணிப்போட்டேன். எதை எடுத்தாலும் செவப்பு... பொறப்பட்டுப் போக வேண்டியதுதான். கோயிலுக்கு வாரதுக்கு முந்தியே துணிமணியெல்லாம் மூட்டை கட்டிப்போட்டேன். மயிலாத்தா போயி ஒண்ணை எடுத்தா. பிரிச்சா... வெள்ளை!

பழனாத்தாள்: அம்மணி...

வள்ளியாத்தாள்: எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சுங்க. உங்களுக்கு அது எப்பவும் வார பூ. ரெண்டும் செவப்புன்னு எனக்குத்தான தெரியும்? சாமி கண்ணு முழிச்சு எங்கூடப் பேசுனாப்பல இருந்துச்சு. கோயிலுக்கு வந்தாலும் மனசுக்குள்ள சிரிக்கறவ நான். அன்னைக்குத்தான் நெசமா நம்புனேன்.

பழனாத்தாள்: போதுங்கண்ணு, உடு...

வள்ளியாத்தாள்: உட மாட்டேன், கேளுங்க. அன்னைக்குப் பொழுதோட அவரு மில்லுலருந்து வந்து, 'ராவுத்தரு சொன்னது நெசமாட்டத் தெரியுது, எங்கம்மாளை நாஞ் சமாளிச்சுக்கறேன், போயிரலாமா வள்ளி'ன்னு கேட்டாரு. நாந்தான்... நாந்தான், 'ஆத்தாளே சொல்லிப்போட்டா, பேசாம இருங்க'ன்னேன். கட்டுன மூட்டைய அவுத்துத் துணியெல்லாம் திருப்பிக் கொடியில போட்டேன். நாலாம் நாளு அவருக்குக் கக்கத்துல நெறி கட்டிருச்சு.

கோவிந்தராஜுலு: பதினாலு! கடைசியாக் கூப்பிடறேம்மா!

வள்ளியாத்தாள்: இப்பச் சொல்லுங்க. இன்னொருக்காப் பூ கேக்கோணுமா?

பழனாத்தாள்: ...வேண்டாம். புள்ளையத் தூக்கு.

வள்ளியாத்தாள்: ஏனுங்க?

பழனாத்தாள்: வரிசை முடியப் போகுது, தூக்கு. மொதல்ல என்ற கையில போடச் சொல்லு. வீங்குனா என்ற கை வீங்கட்டும்.

வள்ளியாத்தாள்: ஆத்தாளைக் கேக்காமயா?

பழனாத்தாள்: அன்னைக்கும் நாம அவளைக் கேக்கலீங்கண்ணு... நீ கோயில் கெணத்துக்குக் கால் கழுவப் போனப்ப, பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் செவப்பு. அதை வீசிப்போட்டு, ரெண்டுலயும் வெள்ளரளிய வெச்சு மடிச்சவ நாந்தான்.