பத்து மடங்கு காட்டும் கண்ணாடி

சுவரில் மாட்டுகிற கண்ணாடி வாங்கினால் முதலில் அதன் கையை இழுத்து ஆட்டிப் பார்க்க வேண்டும், மேடம். நாலு மாதத்தில் தொங்கிப்போகிற சாமான்தான் கடையில் பாதி. ராஜபாளையத்தில் அரை நாள் நின்று பொறுக்கினேன். ஷெரினுக்கு மட்டமானதை வாங்கித் தர எனக்கு மனசில்லை.

அவள் என்னிடம் தொழில் படித்தவள். பதினோரு வருஷம் மில்லில் நூல் சுற்றிய கை இது. அதே நூலைப் பல்லில் கடித்துப் புருவம் எடுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். படித்து முடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம், தனியாக பார்லர் போட்டாள். மூன்றே மாதத்தில் என்னிடம் வந்தவர்கள் பஸ் ஏறி அவளிடம் போனார்கள்.

"முனீஸ்வரிக்கா, ஒங்க கை வலிக்கு. ஷெரின் எடுத்தா எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கு" என்று என்னிடம் வழக்கமாக வந்துகொண்டிருந்த செல்லக்கனி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். தப்பில்லை. மில் கை அப்படித்தான் இருக்கும்.

கண்ணாடி கேட்டு ஷெரினேதான் போன் போட்டாள். "அக்கா, வாரவங்க புருவத்தைக் கிட்டப் பாக்கணுங்காக. நீங்க வாங்கித் தந்தா ராசி."

"ஏட்டி, சர்ச்சுக்குப் போற வேதக்காரிக்கு எதுக்குட்டி ராசி?" என்றேன். சிரித்தாள்.

கடைக்காரர் தவசிமுத்து மூணு மடங்கு, அஞ்சு மடங்கு, பத்து மடங்கு என்று எடுத்து வைத்தார். அஞ்சு போதும் என்றார். பத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் பையின் கறுப்புக் கைப்பிடி புகைந்தது.

"எக்கா, வெயில்ல காட்டாதிய. வீட்டையே கொளுத்திரும். வேலை முடிஞ்சா துணி போட்டு மூடணும்" என்றார்.

பத்தையே வாங்கினேன். கூட நின்று, மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னேன். துணி விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாதது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள் மூடித்தான் வைத்தாள். கண் கூசுகிறதாம். ஒரு மாதம் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நான் போக வேண்டியதாயிற்று.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆள் வராது. உள்ளறையில் கொஞ்ச நேரம் படுப்பாள். அன்றைக்கும் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் துணியை எடுத்தேன். தலைக்கு டை அடிக்கும்போது போர்த்துகிற கறுப்புத் துண்டைக் கண்ணாடிக்கு முன்னால், ஒன்றரைச் சாண் தள்ளி, ஸ்டாண்டில் போட்டேன். வெயில் அதில் காசளவு விழுந்தது. கீழே பஞ்சுக் கட்டும் நெயில் பாலிஷ் அழிக்கிற பாட்டில்களும் இருந்தன. பஞ்சு எப்படி எரியும் என்று மில்லில் பார்த்திருக்கிறேன். வாசல் கதவைச் சாத்தி, வெளியே கொண்டி போட்டேன். நாய் கீய் நுழைந்துவிடக் கூடாது என்றுதான்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எழுந்து கையால் அணைப்பாள், விரல் மட்டும் வெந்துபோகும். அம்புட்டுத்தான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணப் பெண் என்னிடம் வந்தாள். முன்னால் ஷெரினிடம் போனவள். என்னால் முடிந்த மட்டும் மெதுவாக எடுத்துவிட்டேன். முடிந்ததும் புருவத்தைத் தடவிப் பார்த்து, "ஷெரின் அக்கா கை மாதிரி வராதுல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செத்த பொறவும் அவள் திருந்தவில்லை, மேடம்.