முதுகில் முடியில்லாத ஈ

உலகில் இதுவரை பிறந்த மனிதர்களில் ஈயை என் அளவுக்கு நேசித்தவர் எவருமில்லை. இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்று பலரைப் புகழ்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஓர் ஈயின் முகத்தை நேருக்கு நேர் பார்த்திருப்பார்கள்? நான் பார்த்திருக்கிறேன். ஆகவே விசாரணைக் குழுவினர் என்னைப் பூச்சிகளின் எதிரி என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்ட வேண்டாம்.

எங்கள் பூச்சியியல் ஆய்வுக்கூடத்தின் பின்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். மாடித் தொட்டியின் குழாய் ஒழுகி ஒழுகிப் பாசி படர்ந்திருந்தது. அந்தப் பாசியில்தான் நான் சொல்லும் ஈக்கள் வாழ்ந்தன. ஒவ்வொன்றும் எள்ளில் பாதி. பச்சை உலோக மினுமினுப்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். தலை மேல்நோக்கி, சுவரோடு சுவராக நிற்கும். தன்னைவிடச் சிறிய பூச்சி ஏதாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஒரே தாவல். பூச்சி காலை உதைத்துக்கொண்டிருக்கும்போதே பாதி உள்ளே போயிருக்கும். எங்கள் கூடத்தில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த உயிர் அது ஒன்றுதான்.

நான் அப்போது ஆராய்ச்சி மாணவன் என்ற பெயரில் சும்மா இருந்தேன். பேராசிரியர் என்னை அழைத்து, "இந்த வருஷமும் கட்டுரை வரலைன்னா பெட்டியக் கட்டிக்கோ தம்பி. என்னால இனிமே உனக்காகப் பல்லைக் காட்ட முடியாது" என்றார். வீட்டில் அப்பா ஏற்கெனவே என்னை டாக்டர் ஆக்கிவிட்டார். விடுமுறைக்குப் போனால் எதிர்வீட்டுக்காரர் வலிக்கு மருந்து கேட்டு வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டுகிறார். பட்டம் இல்லாமல் அந்த முழங்காலுக்கு எதிரே போய் நிற்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு யோசனையே இல்லை.

எனவே ஈயைப் பிடித்தேன். புதிய இனம் என்று அறிவிக்க ஒரு முறை உண்டு. பிடித்த ஈயை அட்டை நுனியில் ஒட்டி, தூரிகையால் தூசு தட்டி, நுண்ணோக்கியில் வைத்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். இந்த வகை ஈக்களுக்கு முதுகின் நடுவில் இரண்டு வரிசை முடி இருக்கும். என் ஈக்கு இல்லை. "நடுமுதுகில் முடி அறவே இல்லை; இதுவே இவ்வினத்தின் தனி அடையாளம்" என்று எழுதினேன். பேராசிரியரின் பெயரையே அதற்குச் சூட்டினேன். அறிவியலில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. கூடவே கொஞ்சம் வயிற்றுப்பாடும்.

கட்டுரை அச்சில் வந்தது. அம்மா தொலைபேசியில் கேட்டாள்: "ஈயக் கண்டுபுடிச்சியாமே? நான் தினமும் கண்டுபுடிக்கிறேன், எனக்கு யாருடா பட்டம் குடுக்கறா?"

அடுத்த மேசை அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எனக்கு மூத்த மாணவி. கோடையில் தொட்டி வற்றிக் குழாய் நின்றுவிட்டால், பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய்ப் பாசியை நனைப்பார். "குளிப்பாட்டியாச்சுன்னா பவுடரும் போட்டு விடுங்கக்கா, சுவருக்கு வேர்க்குது" என்பேன். மொத்தக் கூடமும் சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே ஊற்றுவார்.

அந்த அக்கா ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உள்ளே வந்தார்.

"டேய், சுவர்ல உயிரோட இருக்கறது எல்லாத்துக்கும் முதுகுல முடி இருக்கேடா."

"வேற ஈயா இருக்கும்க்கா."

"அதே ஈதான். நீ தூரிகைய எப்படிப் புடிப்பே? பாத்திரம் தேய்க்கற மாதிரியா?"

அப்படித்தான் பிடித்திருந்தேன். முடிகளைப் பறித்தது பரிணாமம் அல்ல, என் தூரிகை. முடி இருந்தால் அது ஏற்கெனவே பெயருள்ள பழைய இனம் என்று ஆகிவிடும் என நினைத்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். பெட்டி, பேருந்து, முழங்கால். "திங்கக்கிழமை சார்கிட்டச் சொல்லிடலாம், இதெல்லாம் நடக்கறதுதான்" என்றார் அக்கா. என் தோளைத் தட்டிவிட்டு, பரிசோதனைக்குச் சுவரிலிருந்து ஓர் ஈயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நான் செய்தவை எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் நற்காரியங்கள். ஒழுகும் குழாயைப் பற்றிப் பராமரிப்புப் பிரிவில் புகார் கொடுத்தேன், அன்றே அடைத்தார்கள். பாசி வழுக்கும் என்பதால் கரண்டியால் சுரண்டி எடுத்தேன். அந்த ஈக்களின் புழுக்கள் அதற்குள்தான் இருக்கும். கொசுத் தொல்லை என்று மருந்து அடித்தேன். ஈக்கள் ஓடவில்லை. அவை நின்று பழகியவை. கடைசியில் சுண்ணாம்பு அடித்தேன். சுவர் மிக நன்றாக இருந்தது. பிறகு பெட்டியில் இருந்த, தூரிகை படாத மற்ற மாதிரிகளின் முடிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அவற்றுக்கு வலித்திருக்காது.

யார் தூண்டினார்கள் என்று கேட்டீர்கள். யாரும் இல்லை. இவ்வளவு வேலையை நான் யார் சொல்லியும் செய்ததில்லை.

திங்களன்று அக்கா ஓடிவந்தார். ஆண் ஈயின் வால்நுனி உறுப்பு இனத்துக்கு இனம் மாறும், பூட்டுக்குச் சாவி மாதிரி. அவர் எடுத்துப்போன ஈயின் சாவி உலகில் தெரிந்த எந்தப் பூட்டுக்கும் பொருந்தவில்லை.

"நீ சொன்ன காரணம்தான்டா தப்பு. ஈ சரி! நெசமாவே புது இனம்டா, லூசு. வா, உயிரோட நாலஞ்சு புடிப்போம், திருத்தம் எழுதி அனுப்பிடலாம்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சுவரைப் பார்த்தார். விரலால் தொட்டார், விரல் வெள்ளையானது.

"யாருடா அடிச்சது?"

"பராமரிப்புக்காரங்க."

அதன்பின் அக்கா ஊரில் ஒழுகும் குழாய், சாக்கடை ஓரம், அருவிப் பாறை எதையும் விடவில்லை. அந்த ஈ எங்கும் இல்லை. அவை அந்த ஒரு சுவரில் மட்டுமே வாழ்ந்திருக்கின்றன. கடைசியில் மருந்து டப்பாவை என் மேசைக்கடியில் கண்டுபிடித்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உங்களிடம் சொன்னார்.

ஆம், ஓர் இனத்தைக் கண்டுபிடித்தவனும் முடித்துவைத்தவனும் நானே. இரண்டையும் செய்தவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள், குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

மதிய வேளைகளில் நான் பின்சுவர்ப் பக்கம் நிற்பதாகக் காவலாளி சொன்னது உண்மை. காற்று வாங்கப் போகிறேன். கையில் இருக்கும் பாட்டில் எனக்குக் குடிக்கத்தான். ஆனால் சுண்ணாம்புச் சுவருக்குத் தாகம் அதிகம். ஊற்ற ஊற்ற உள்ளே போகிறது.