சின்னவன் நின்ற காலை

முட்டிவலியைத் தவிர இந்த வயதில் எனக்கு வேறு குறை இல்லை ஐயா. அதுவும் ஈரத் தரையில் நின்று கூண்டு கழுவி வந்ததுதான்.

சிங்கத்தையும் புலியையும் ஒரே கூண்டில் சேர்த்தது நான். பிறந்த குட்டிகளில் ஒன்றுதான் பிழைத்தது. தாய்ப்புலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் என் மகளும் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தோம். பெயர்தான் சின்னவன்; அப்பனைவிடப் பெரிதாக வளர்ந்தான். வளர்ச்சி நிற்கவே இல்லை. கடைசியில் அந்த உடம்பை அவன் இடுப்பே தாங்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், தண்ணீர்த் தொட்டியோரம் முகத்தைச் சாய்த்துக்கொண்டு முனகுவான்.

மாப்பிள்ளை கால்நடை மருத்துவர். தங்கமான பிள்ளை. குரலை உயர்த்திப் பேசமாட்டார்.

"மாமா, அது படுற பாட்டைப் பாக்க முடியல. நாளைக்கு ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம். இனிமே அதுங்க ரெண்டையும் சேத்து விடாதீங்க. இன்னொண்ணு இப்படிப் பொறக்க வேணாம்."

"நான் வளத்த புள்ள மாப்ள அவன்."

"அதனாலதான் மாமா சொல்றேன்."

மகளிடம் போனேன். "போதும்ப்பா, விட்டுடுங்க" என்று அழுதாள். பெற்ற மகளே அந்தப் பக்கம் போய்விட்டால் நான் யாரிடம் போய் நிற்பது?

காலையில் மாப்பிள்ளை மருந்துப் பெட்டியோடு வெளிக்கூண்டுக்குள் போனார். சின்னவன் உள்ளறையில் கிடந்தான். கம்பி வழியாக ஊசி போடுவதாக ஏற்பாடு. நடுக்கதவைத் தூக்கும் சங்கிலி என் கையில் இருந்தது. இழுத்தேன்.

நிற்க முடியாதவன் அன்று நின்றான் ஐயா. பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

"மாமா, கதவு..." என்றார் மாப்பிள்ளை. அப்போதும் சத்தம் போடவில்லை. வெளிக்கதவைத் திறந்திருந்தால் தப்பியிருப்பார். அவர் உள்ளே போனதுமே அதை நான் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அப்புறம் உங்கள் ஆட்கள் வந்து சின்னவனைச் சுட்டார்கள். யாருக்காகச் செய்தேனோ அவனும் இல்லை. மகள் என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். கோபம், தணிந்துவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புலி மறுபடி சினையாக இருக்கிறது. வேளாவேளைக்குக் கறி போடச் சொல்லுங்கள். ஆண் குட்டியாகப் பிறந்தால் மாப்பிள்ளையின் பெயரை வைக்கலாம் என்றிருக்கிறேன். என் மகளுக்கு அது ஆறுதலாக இருக்கும்.