சபையில் யார் முதலில் சாட்சி சொல்வது

மணவாளக்குறிச்சிப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரு பெண்மணிகள் அமர்ந்திருந்தனர். பிறர் பேச்சுக்குச் செவிசாய்ப்பது என் வழக்கமன்று. அவர்கள் குரலோ ஓட்டுநர்வரை எட்டிற்று.

“எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை சபையில கர்த்தர் செஞ்ச நன்மையைச் சாட்சி சொல்லப் போறாராம், மக்கா. கிட்னி போனது நல்லதுக்குத்தானாம்,” என்றார் மூத்தவர்.

“நல்லதுக்கா? என்னக்கா சொல்லுதீங்க?”

“டயாலிசிஸ் அவரைப் புது மனுசனாக்கிட்டாம்.”

“நெசமாட்டா?”

“இன்னைக்குக் காலம்பற கஞ்சியில உப்பில்லன்னு கிண்ணத்தைத் தூக்கி எறிஞ்சாரு.”

“அப்ப என்னதான் மாறிச்சு?”

“நான் மாறினேன். அம்பது வயசில ஸ்கூட்டர் ஓட்டப் படிச்சு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். முன்னெல்லாம் கிண்ணத்தைப் பெறக்குவேன். இன்னைக்கு, நீங்களே பெறக்குங்கன்னு சொல்லிட்டேன்.”

“பெறக்கினாரா?”

“பெறக்கினாரு. பாஸ்டரிட்ட எம்பேரையும் குடுத்தாச்சு, முதல்ல நான்தான். நான் சொல்லி முடிச்சப்பொறவு அவருக்குச் சொல்ல ஏதாவது மிச்சமிருந்தா சொல்லட்டு.”