பத்துத் தப்படியும் பன்னிரண்டு தப்படியும்

அர்ச்சுனன்: இந்தக் காலத்து ஆளுங்களுக்கு ரெண்டு கம்பி நடக்கூட கம்ப்யூட்டர் கேக்குது. தோட்டத்துல நாங்க நெரை பிடிச்சு ஆயிரம் ரப்பர் கன்னு நட்டோம் துளசி. காகிதத்துல ஒரு கோடு போட்டதில்ல.

துளசி: கன்னு கோணலாப் போனா மரம் வளரும் மாமா. கம்பி கோணலாப் போனா ஆளு விழுந்துருவாங்க.

அர்ச்சுனன்: நீ கிரில் பட்டறையில படம் போடுறவ, அப்படித்தான் பேசுவே.

துளசி: பின்வாசல் மூணு படிய மூடி, குளியலறை வரைக்கும் ஒரு சரிவு. வீட்டோரமா பிடிச்சு நடக்க ஒரு கம்பி. அவ்வளவுதான். நாளைக்குக் காலையில இரும்பு வெட்டுறாங்க, அளவு தப்பினா அத்தை பாடு...

அர்ச்சுனன்: அவளுக்குத்தான் முட்டி வலின்னு உசுர வாங்குறாளே. மழையில வழுக்கி விழுந்தா யாரு தூக்குறது? நாந்தான் தூக்கணும்.

கருப்பம்மாள்: நீங்க என்னைத் தூக்குறதா? கல்யாணத்தப்பவே தூக்கல. டீ ஆறுது, குடிங்க.

அர்ச்சுனன்: இந்தப் படம் போடுற சாமான் பட்டறையோடதா?

துளசி: பட்டறையில இருக்குறது விலைக்கு வாங்குனது. இது என் சொந்த லேப்டாப்புல இருக்கு. லிப்ரேகேட்னு பேரு. பெர்சுமா.

அர்ச்சுனன்: சும்மாவா?

துளசி: சும்மாதான் லா.

அர்ச்சுனன்: சும்மா கொடுக்குறவன எனக்குத் தெரியும். தோட்டத்த விக்கிறதுக்கு முந்தின நாளு, மேனேஜர் ஆளுக்கொரு டின் பிஸ்கட் கொடுத்தாரு. மறுநாளு வீட்டக் காலி பண்ணச் சொன்னாரு.

துளசி: இதுல யாரும் எதையும் விக்கல மாமா. பல நாட்டுக்காரங்க சேர்ந்து எழுதுனது. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணா திறந்து பாக்கலாம். தப்பு இருந்தா திருத்தலாம்.

அர்ச்சுனன்: கதவத் திறந்து போட்டுட்டு வீடு பத்திரம்னு சொல்ற.

துளசி: திருவிழா அன்னதானம் மாதிரின்னு வச்சுக்குங்க. சமையக்கட்டுல யாரு வேணா எட்டிப் பாக்கலாம்ல?

அர்ச்சுனன்: அரிசி மூட்டை கொடுத்தவன் பேரத்தான் மைக்குல ஓயாம சொல்லுவானே. சும்மாவா கொடுத்தான்?

துளசி: இதுலயும் பேரு போட்டிருக்கு. இங்க பாருங்க... வரிசையா.

அர்ச்சுனன்: நம்ம ஆளு யாரும் இருக்கானா?

துளசி: முழுசாத் தேடல மாமா.

அர்ச்சுனன்: தேடாமயே நம்பிட்டே.

துளசி: சரி, படத்தப் பாருங்க. நீங்க நடந்து அளந்த அளவு. வீட்டோரமா குளியலறைக்குப் போனது பத்துத் தப்படி. எதிர்ப்பக்கம் வேலியோரமாத் திரும்பி வந்தது பன்னெண்டு.

அர்ச்சுனன்: ஒரு தப்படி ரெண்டரை அடி. முப்பது வருஷம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுன கால், மாறாது.

துளசி: அப்ப போறப்ப இருவத்தஞ்சு அடி, வாரப்ப முப்பது. படத்துல கோடு ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல. அஞ்சடி தாண்டி அத்தையோட அடுப்படிக்குள்ள வந்து நிக்குது.

கருப்பம்மாள்: வரட்டும். வந்து பாத்திரம் கழுவட்டும்.

அர்ச்சுனன்: பாத்தியா? சும்மா கிடைச்ச சாமானோட லட்சணம்.

துளசி: அது நாம சொன்ன அளவத்தான் போடும். நேத்து நீங்க கோப்பிக்கடைக்குப் போனப்ப டேப்பு வச்சுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் இருவத்தஞ்சுதான்.

அர்ச்சுனன்: டேப்பு எங்க செஞ்சது?

கருப்பம்மாள்: சைனாவுல. உங்க பல்லு செட்டும் அங்க செஞ்சதுதான், நல்லாத்தானே கடிக்குது.

துளசி: போறப்ப சரியா இருக்கு மாமா. திரும்பி வாரப்பத்தான் தப்படி குறுகிப் போச்சு. நடுவுல எங்கயும்... உட்கார்ந்தீங்களா?

அர்ச்சுனன்: பூனைக்கு மீன் தலை வச்சேன்.

கருப்பம்மாள்: நம்ம வீட்டுல ஏது பூனை?

அர்ச்சுனன்: பக்கத்து வீட்டுப் பூனை.

துளசி: கால் வலிச்சுதா மாமா?

அர்ச்சுனன்: வலி உங்க அத்தைக்கு. பேச்ச மாத்தாத. இந்தக் கம்பி எவ்வளோ உசரம்?

துளசி: மூணேகால் அடி.

அர்ச்சுனன்: இவ என் நெஞ்சுக்குக்கூட வரமாட்டா. இவளுக்கு எதுக்கு அவ்வளோ உசரம்? உன் மிஷினுக்கு ஆளு குள்ளமா நெட்டையான்னுகூடத் தெரியல.

துளசி: அது... வந்து...

கருப்பம்மாள்: எனக்கு உசரமாப் பிடிச்சாத்தான் சுகம்.

அர்ச்சுனன்: சுகமாம். டேப்பு அளவப் போடு, என்னத்தையாவது போடு. நான் நம்பல. கடைக்குப் போறேன்.

துளசி: பின்வாசல் படி ஈரமா இருக்கு, மெதுவா...

அர்ச்சுனன்: மூணு படி இறங்க உன் மிஷினக் கேக்கணுமா?

கருப்பம்மாள்: ...போயிட்டாரா?

துளசி: சுவரப் பிடிச்சுப் பிடிச்சுப் போறாரு. எத்தன நாளைக்கு அத்தை உங்க முட்டின்னே சொல்றது? காலையில ஏணியில ஏறி முருங்கைக்கீரை ஒடிச்சீங்க, நான் பாத்தேன்.

கருப்பம்மாள்: சத்தமாப் பேசாத. அவருக்குன்னு சொன்னா ஒரு ஆணி அடிக்க விடுவாரா? எனக்குன்னு சொன்னதாலதான் நடந்து அளந்தாரு. கம்பி அவரு உசரத்துக்கே இருக்கட்டும்.

துளசி: கண்டுபிடிச்சுட்டா?

கருப்பம்மாள்: அவரா? ஊருல உள்ளவன எல்லாம் சந்தேகப்படுவாரு, என்னை மட்டும் விட்டுருவாரு. நீ இரு, கீரைய இறக்கிட்டு வாரேன்.

அர்ச்சுனன்: துளசி. இங்க சந்துப் பக்கம் ஒரு நிமிஷம் வா. தனியா.

துளசி: வந்துட்டேன். என்னா மாமா?

அர்ச்சுனன்: உன் சும்மா சாமான நான் நம்பல. இப்பவும் நம்பல. அதுல மாத்தமில்ல.

துளசி: சரி மாமா.

அர்ச்சுனன்: ஆனா கம்பிய இறக்கிடாத, அந்த உசரந்தான் என் கைக்குச் சரியா வரும். அவகிட்ட சொல்லிடாத... பாவம், நான் ஏமாந்துட்டேன்னு சந்தோஷமா இருக்கா. நான் வாரேன்.