கையெழுத்துக்கு முன்னாடி

காலை ஷிப்ட் பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டியிருந்தது. எனக்கு முன்சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள்.

“இன்னிக்கு சேஃப்டி மீட்டிங் நோட்டுல நான் கையெழுத்து போடமாட்டேன்க்கா,” என்றாள் சின்னவள்.

“இன்னாடி ஆச்சு?”

“மூணு நாளா பிரஸ் மெஷின் கதவு தொறந்திருக்கும்போதே ஓடுது. சூப்பர்வைசர் ‘எதுனா பிரச்சனையா?’ன்னு கேட்டுகினே நோட்டை நீட்டுறாரு. நாமளும் போட்டுடறோம்.”

“பேசினா லைன் லேட்டாவும். எல்லாரும் உன்னத்தான் மொறைப்பாங்க.”

“மொறைக்கட்டும். வெரலு போச்சுன்னா யாரு குடுப்பா? கதவு விஷயத்தை மொதல்ல நோட்டுல எழுதட்டும், அப்புறம் போடறேன்.”

கம்பெனி கேட் தெரிந்ததும் பெரியவள் ஐடி கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“நோட்டு மொதல்ல என் கைக்குத்தானே வரும்? கதவு விஷயத்தை நான் எழுதாம அது உன்கிட்ட வராது.”