காத்திருந்தோருக்காகக் காத்திருந்த எஸ்தெல் குரோட்சின் அம்மையாருக்கு

அடைத்த கதவுகளுக்கு அப்பால் அல்லலுற்றோரின் இல்லங்களில் இருபத்தோர் ஆண்டுகள் இடையறாது ஒலித்த இன்குரலே! நாட்டைவிட்டு வெளியேற அனுமதி மறுக்கப்பட்ட சோவியத் யூதர் ஒவ்வொருவர் பெயரையும் நெஞ்சில் பதித்த நினைவின் நிலையமே! அவர்களுக்காக உழைக்கும் எங்கள் குழுவின் செயலாளராய்ப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எஸ்தெல் அம்மையாரே! இலண்டனின் இந்த ஈர மாலையில், கனத்த நெஞ்சங்களோடு தங்களை வணங்குகிறோம்.

தையற்கடை மாடியில் இரண்டே அறைகள் கொண்ட நம் அலுவலகத்தில் தாங்கள் எழுதிய விண்ணப்பங்களை யாம் எண்ணியதில்லை. அவற்றுக்கு வந்த பதில்களை எண்ண அவசியமே நேர்ந்ததில்லை. சோவியத் தூதரகத்தின் எதிர் நடைபாதையில், மழையிலும் பனியிலும், பதாகை பிடித்து நின்று பழுதான முழங்கால்களோடு படியேறி வந்தீர்கள்.

ஆயினும் இம்மடல் சொல்ல விழைவது ஒரு குடும்பத்தின் செய்தியை.

சோவியத் நாட்டின் கார்கோவ் நகரத்து லேவ் சுக்கர்னிக், ஒரு பெயிண்ட் ஆலையில் பணிபுரிந்தவர். அரசு ரகசியம் அறிந்தவர் என்று காரணம் காட்டி, அவருக்கும் மனைவி ஃபானியாவுக்கும் அனுமதி மறுத்தார்கள். செவ்வாய்தோறும் தாங்கள் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, தங்கள் பெற்றோரின் மொழியான, ஐரோப்பிய யூதர் பேசும் இத்திஷில் பேசினீர்கள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரே ரகசியம், எங்க பெயிண்ட் மழைக்கு நிக்காதுங்கறதுதான்" என்பார் லேவ்.

"மெதுவாப் பேசுங்க, ஒட்டுக் கேக்கறவருக்கு எழுதிக்க நேரம் வேணாமா!" என்பீர்கள் தாங்கள்.

ஃபானியாவின் இதயம் பழுதுற்றபோது, இலண்டனில் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, நாற்பத்தொரு நாள் தூதரகத்தின் எதிரே நின்றீர்கள். அதிகாரி ஒருவர் வெளியே வந்து, "ஏம்மா, வீட்ல வேற வேலையே இல்லையா?" என்றார்.

"நிறைய இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா போயிப் பாப்பேன்."

கையெழுத்து வந்தது, ஃபானியா ஒருவருக்கு மட்டும்! கணவருக்கு இல்லை. அன்று தொலைபேசியில் தாங்கள் மன்றாடியதை நாங்கள் கேட்டோம். "முதல்ல நீங்க பொழைச்சு வாங்க ஃபானியா, அவரை அப்புறம் கொண்டு வந்துடலாம்."

"நான் வந்துட்டா அவரை விடவே மாட்டாங்க, எஸ்தெல். பழகிப்போச்சு, ரெண்டு பேருமாவே காத்திருக்கோம்."

அடுத்த வசந்தத்தில் ஃபானியா மறைந்தார். ஈராண்டு கழித்து லேவுக்கு அனுமதி கிடைத்தது.

ஹைஃபாவில் குடியேறிய அவர் சென்ற ஆண்டு நம் அலுவலகம் வந்தார். தேன் கேக் வெட்டி வைத்து, நன்றியுரை வரும் என்று நாங்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தோம். லேவ் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்க அவளை இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்" என்றார்.

எத்தனை விடைகள் தங்களிடம் இருந்தன! வைத்திய நிபுணருக்கு எழுதிய கடிதங்கள், நாற்பத்தொரு நாள், முழங்கால் வலி... "ஆமாம்" என்றீர்கள். அவ்வளவுதான். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, சிவந்த கண்களோடு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், தாஷ்கெண்டில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்தின் எண்ணுக்கு இணைப்புக் கேட்டீர்கள். அம்மையீர்! தங்களைப் பாராட்ட எங்களுக்கு வேறு தகுதி தேட வேண்டியதில்லை. அந்த ஒன்பது மணி போதும்.

நேற்று இம்மடலின் முதற்படியைத் தங்களிடம் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "'வெற்றி'ன்னு நாலு இடத்துல எழுதியிருக்கீங்க. எடுத்துடுங்க. இன்னும் பதினேழு குடும்பம் அங்கேதான் இருக்கு" என்றீர்கள்.

நான்கையும் எடுத்துவிட்டோம்.

முழங்கால் நோகாமல், முன்கதவு மணி துரத்தாமல், முற்பகல்வரை உறங்கி, யூதர் வாழ்த்தும் வழக்கப்படி நூற்றிருபது ஆண்டுகள் நலமுடன் வாழ்க! திங்கட்கிழமை முதல் அப்பதினேழு வீடுகளையும் அழைப்பவர்கள்,

தங்கள் அலுவலகத் தோழர்கள்
இலண்டன், மார்ச் 1990